பத்து நாளில் போய்விடும்

ஜோசபினுக்கு நாற்பத்தெட்டு வயது நடந்த வருஷம், வலது கைக் கட்டைவிரல் காலையில் மடங்க மறுத்தது. வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டால்தான் தீக்குச்சியைப் பிடிக்கவே வரும். பதினாறு வருஷமாக மெஹந்தி கோனைப் பிதுக்கிப் பிதுக்கி வந்த வினை. விரல் மட்டுமா? கழுத்து, இடுப்பு, மடக்கி உட்கார்ந்த முழங்கால் எல்லாம் ஒன்று சேர்ந்துகொண்டு அவளைப் படுத்தின. புனேயில் கட்கி முதல் கேம்ப் வரைக்கும் கல்யாண வீடுகளில் ‘மதராசி ஆன்ட்டி’ என்றால் அவள்தான். அந்தப் பேரை எடுக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பேருக்கு அடியில் அவள் அமுக்கி வைத்திருந்த விஷயமும் ஒன்று உண்டு. பேர் வந்த கதையை முதலில் சொல்லிவிடலாம்.

அவளுடைய அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். ஜோசபின் பிறந்தது, படித்தது, பூசை பார்த்தது எல்லாம் கட்கியில்தான். புருஷன் சவரிமுத்துவுக்கும் அதே தொழிற்சாலை. தொண்ணூற்றிரண்டில், இரண்டு பையன்களும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, பகலெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் இதில் இறங்கினாள். ஊரில் அப்போதுதான் மெஹந்தி ஆசை கிளம்பியிருந்தது. மஞ்சள் பூசிப் பச்சை வளையல் அடுக்கினால் போதும் என்றிருந்த மராத்திக்காரர்கள்கூட, இந்திப் படங்களைப் பார்த்துவிட்டு, பெண்ணின் முழங்கை வரைக்கும் கொடி ஓட வேண்டும் என்றார்கள். போடுகிறவர்களோ மார்க்கெட் நடைபாதையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த ராஜஸ்தான் ஆண்கள். அந்நிய ஆம்பளை எங்கள் வீட்டுப் பெண்ணின் கையை மூன்று மணி நேரம் பிடித்துக்கொண்டிருப்பதா என்று பல வீடுகளில் முகம் சுளித்தார்கள். அந்த இடத்தில் ஜோசபின் நுழைந்தாள்.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் உள்ளங்கையில் ஒரு வட்டம், விரல் நுனிகளில் தொப்பி, அவ்வளவுதான். கோன் பிடித்துப் பழக ஒரு உடம்பு வேண்டுமே? பையன்கள் ஓடிவிட்டார்கள். சவரிமுத்து மாட்டிக்கொண்டார். அவர் பேப்பர் படிக்கக் காலை நீட்டினால் போதும், கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் மாங்காயும் மயிலுமாக வரைந்து தள்ளினாள். ரோமத்துக்கு நடுவே கோடு நேராக வராது. ஆடாமல் உட்காரச் சொல்லி அவரைத்தான் அதட்டுவாள். வெடிமருந்துத் தொழிற்சாலையில் உள்ளே போகுமுன் சொந்த உடுப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் கொடுப்பதை மாட்டிக்கொள்ள வேண்டும். அங்கே அவர் காலைப் பார்த்துவிட்ட கூட்டாளிகள் ஒரு மாசம் அவரைப் ‘புதுப்பொண்ணு’ என்றே கூப்பிட்டார்கள். மனுஷன் வீட்டில் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாளும் காலை நீட்டினார்.

வேலையைச் சுத்தமாகத்தான் செய்தாள். இலைப் பொடியைப் பழைய துப்பட்டாவில் மூன்று தரம் சலிப்பாள். கெட்டியான தேயிலைத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, நாலு சொட்டு நீலகிரித் தைலம் விட்டுக் குழைத்து ஊறவைப்பாள். புதுப் பொடி எதுவானாலும் முதலில் தன் இடது கையில், முழங்கைக்குக் கீழே ஒரு பொட்டு வைத்து மூன்று நாள் பார்ப்பாள். தன் உடம்பில் போட்டுப் பார்க்காமல் அடுத்தவள் உடம்பில் போடுவதில்லை என்று ஒரு வைராக்கியம். அதைப் போகிற வீடெல்லாம் சொல்லிக்கொள்வதில் பெருமை வேறு. கான்வென்ட்டில் படிக்கிற பெண்களின் அம்மாக்கள், மெஹந்தியோடு போனால் வகுப்புக்கு வெளியே நிறுத்துவார்களே என்று பயப்படுவார்கள். பத்து நாளில் போய்விடும் என்பாள். தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலுமாக அதை ஆயிரம் தரமாவது சொல்லியிருப்பாள்.

இரண்டாயிரத்தில் கறுப்பு மெஹந்தி வந்து தொலைந்தது. சிவப்பு பழசாகிவிட்டதாம். ஓரக்கோடு கன்னங்கரேலென்று இருக்க வேண்டும், அரை மணியில் காய வேண்டும், கழுவின கையோடு பளிச்சென்று தெரிய வேண்டும் என்றார்கள். இலை அப்படியா வேலை செய்யும்? முதல் நாள் ஆரஞ்சாக இருக்கும், மறுநாள்தான் சிவக்கும். கடையில் ஒரு கறுப்புப் பொடி பொட்டலமாக விற்றது. தலைமுடிக்குப் போடுகிற சாயம்தான், பேர் மட்டும் மெஹந்தி. இலையின் வாசனைகூட அதில் கிடையாது. ஜோசபின் வழக்கம்போலத் தன் கையில் பொட்டு வைத்துப் பார்த்தாள். மூன்று நாள் போயிற்று, ஒரு வாரம் போயிற்று, ஒன்றும் ஆகவில்லை. அவள் பெட்டியில் கறுப்புக் கோனும் ஏறியது.

மறு வருஷம் ஐப்பசியில் புனேயிலேயே வானவடியில் ஒரு தமிழ்க் கல்யாணம் வந்தது. ராணுவக் கணக்குத் துறையில் அதிகாரியாக இருந்த ஜெயந்த்தின் தங்கை விசாலாக்ஷிதான் பெண். முன்னே நின்று எல்லாவற்றையும் நடத்தியது ஜெயந்த்தின் மனைவி வைஷு. அவர்களுடைய மகள் சஹானாவுக்கு அப்போது ஒன்பது வயது. விசாலாக்ஷிக்கு ஒரு கை முடிந்து, யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போன இடைவெளியில், அந்தக் குழந்தை வந்து தன் இடது கையை நீட்டியது. பட்டாம்பூச்சி வேண்டும், அதுவும் கறுப்பில் வேண்டும் என்றது. ஜோசபின் முழங்கைக்குக் கீழே போட ஆரம்பித்தாள். ஒரு சிறகை நிறைத்து, மறு சிறகுக்கு விளிம்பு மட்டும் இழுத்திருந்தபோது கல்யாணப் பெண் திரும்பி வந்துவிட்டாள். மீசை இரண்டையும் நுனியில் சுழித்துவிட்டுக் குழந்தையை அனுப்பினாள். கொடியானாலும் மயிலானாலும் நுனியைச் சுழித்து முடிப்பது அவள் கைப்பழக்கம். தீபாவளி லீவு முடிந்தால் மிஸ் திட்டுவாளே என்று வைஷு கவலைப்பட்டாள். பத்து நாளில் போய்விடும் என்று ஜோசபின் சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள் ஃபோன் வந்தது. ஜோசபின் வீட்டில் ஃபோன் இல்லை, பக்கத்து வீட்டு அமலாவுடையதைத்தான் பி.பி. நம்பராகக் கொடுத்திருந்தாள். அமலா ரிசீவரை நீட்டிவிட்டு நகராமல் பக்கத்திலேயே நின்றாள். அந்தப் பக்கம் வைஷு கத்தினாள். பட்டாம்பூச்சி போட்ட இடம் பூராவும் கொப்புளம், நீர் வடிகிறது, குழந்தை மூன்று நாளாகத் தூங்கவில்லை, என்னத்தைப் போட்டீர்கள் என்று கேட்டாள். ஜோசபினுக்குப் படபடவென்று வந்தது. அமலா வேறு வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பதிலைக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

“குழந்தை சொறிஞ்சிருக்கும்மா. நகம் பட்டாப் புண்ணாகத்தானே செய்யும்? என் கையில போட்டுப் பாக்காம நான் யாருக்கும் போடுறதில்ல.”

உடனே, ‘சொறிஞ்சியாடி?’ என்று வைஷு குழந்தையை அதட்டுவது ஃபோனில் கேட்டது. குழந்தை சொன்ன பதில் கேட்கவில்லை, அழுகைதான் கேட்டது. அதோடு லைன் போய்விட்டது. பெரிய இடத்துக்காரர்கள் இப்படித்தான், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாமல் நம் தலையில் கட்டப் பார்ப்பார்கள் என்று அமலா ஆறுதல் சொன்னாள். ஜோசபினுக்கு அன்றைக்குத் தான் பொய் சொன்னதாகத் தோன்றவேயில்லை. தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது சுத்தமாக இருந்தது.

இரண்டாயிரத்து மூன்று மழைக்காலத்தில் அதே கை வீங்கியது. முதலில் விரலிடுக்கில் அரிப்பு, அப்புறம் பொட்டு வைக்கிற இடத்தில் கொப்புளம், கண் இமை வரைக்கும் உப்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் அம்மா, என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டுவிட்டு, அந்தக் கறுப்புக் கோனை வாங்கி முகர்ந்து பார்த்தார். இந்தச் சாயம் சிலருக்கு முதல் தடவையே தோலைச் சுட்டுவிடும், சிலருக்கு வருஷக்கணக்காக ஒன்றும் செய்யாமல் இருந்து ஒரு நாள் காட்டும், குழந்தைகளுக்குப் போட்டுவிடாதே, தழும்பே நின்றுவிடும் என்றார். என் கையில் போட்டுப் பார்த்தேனே டாக்டர் என்றாள் ஜோசபின். உன் கை உன் கைதான், அடுத்தவர்களுடைய கையைப் பற்றி அதற்கு என்ன தெரியும் என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மருந்து எழுதிக்கொண்டே சொன்னார்.

மருந்துச் சீட்டோடு வெளியே வந்தவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வேறு யார் ஞாபகமும் வரவில்லை, வானவடிக் குழந்தைதான் வந்தது. சொறிஞ்சிருக்கும் என்று எவ்வளவு சுளுவாகச் சொன்னோம், பக்கத்தில் அமலா நிற்கிறாள் என்பதற்காக எவ்வளவு உரக்கச் சொன்னோம் என்று நினைத்து நினைத்து வெட்கப்பட்டாள்.

வீட்டுக்கு வந்து கறுப்புப் பொடியை எல்லாம் சாக்கடையில் கொட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தாள். புது சாமியார் கோவாக்காரர், தமிழ் தெரியாது. இந்தியில் சொன்னபோது விஷயம் ரொம்பச் சின்னதாகக் கேட்டது, கடையில் மாற்றிச் சாமான் கொடுத்துவிட்ட மாதிரி. அவர் ஜெபம் சொல்லச் சொன்னார். அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடிந்தால் அவர்களிடமும் சொல்லிவிடு என்றார். ஜெபத்தைச் சொல்லி முடித்தாள். குடும்பத்தைத் தேடவில்லை. அவர்களுக்கு டேராடூன் பக்கம் மாற்றலாகிவிட்டது என்று யாரோ சொல்லக் கேட்டபோது, வெட்கக்கேடு, மனசுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. கறுப்பு இல்லை என்றதும் பாதிப் பேர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மீதிப் பேருக்கு இலை மெஹந்தியே போட்டாள், கையுறை மாட்டிக்கொண்டு. சாயம் இல்லாவிட்டாலும் விரல்கள் சும்மா சும்மா வெடித்தன. ‘விட்டுத் தொலையேன் ஜோசபின், யாருக்காக இப்படிக் கஷ்டப்படுற?’ என்பார் சவரிமுத்து. விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் அந்தக் குழந்தையின் கை கண்ணுக்கு முன்னால் வருகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பெண்களின் கைகளைப் பிடித்தபடி குனிந்திருக்கும்போது மட்டும் அது கொஞ்சம் விலகியிருந்தது. அதனால் போய்க்கொண்டேயிருந்தாள். பஸ்ஸில் நின்று, சிக்ஸ் சீட்டர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு, சலித்துப்போய் வீடு திரும்பி, மறுநாளும் போனாள்.

இரண்டாயிரத்தெட்டு மே மாசம், வானவடியில் பியூட்டி பார்லர் வைத்திருந்த ஷீலா ஒரு வீட்டு முகவரியைக் கொடுத்தாள். பையனுக்குப் பூணூல், ஐந்தாறு பெண்கள் மெஹந்தி கேட்கிறார்கள், தமிழ்க்காரர்கள்தான் என்றாள். கட்கியிலிருந்து புல்கேட் போய், அங்கே வேறு பஸ் மாறி, வெயிலில் மூன்றாவது மாடி ஏறி ஜோசபின் மணியை அடித்தாள். கதவைத் திறந்தது வைஷு. டேராடூனிலிருந்து எப்போது திரும்பி வந்தார்களோ!

ஜோசபின் ஒரு படி பின்வாங்கினாள். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். அதற்குள் வைஷு அவளை அடையாளம் கண்டுவிட்டாள். கத்துவாள் என்று பார்த்தால், கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

“நீங்கதானே விசாலாக்ஷி கல்யாணத்துக்கு வந்தது? அன்னிக்கு ஃபோன்ல ரொம்பக் கத்திட்டேன், மனசுல வெச்சுக்காதீங்கோ. இந்தப் பொண்ணு கைய வெச்சுண்டு சும்மா இருந்தாத்தானே. சொறிஞ்சு சொறிஞ்சு ஆயுசுக்கும் தழும்பாக்கிண்டுடுத்து.”

சொல்லிவிட்டு ஹாலின் மூலையைக் காட்டினாள். பதினாறு வயசுப் பெண் ஒருத்தி அங்கே தலையைக் குனிந்துகொண்டு தம்பி அபினவ்வின் புது வேஷ்டியை மடித்துக்கொண்டிருந்தாள். அந்த மே மாச வெக்கையிலும் முழுக்கை சட்டை போட்டிருந்தாள். அம்மா சொன்னது காதில் விழுந்ததற்கு அடையாளமே இல்லை. எத்தனையோ தடவை கேட்டுப் பழகிய வார்த்தை என்பது பார்த்தாலே தெரிந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. வந்திருந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம் கையை நீட்டினார்கள், ஜோசபின் பாயில் உட்கார்ந்து கோனை எடுத்துவிட்டாள். பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும் ஐந்து பேருக்குப் போட்டாள். கட்டைவிரல் விண்விண்ணென்று தெறித்தது. நடுவில் வைஷு உட்கார வைத்து சாப்பாடு போட்டாள், அப்பளம்கூட மறக்கவில்லை. இவ்வளவு மரியாதை செய்கிறாளே என்று நினைத்தவள் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். போடுகிறபோதெல்லாம் அவளுடைய கண் அந்த முழுக்கை சட்டையின் பின்னாலேயே போயிற்று. அப்புறம் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட இது அப்படிப்பட்ட காரியமில்லை என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் அடுத்த கையைத்தான் இழுத்து வைத்துக்கொண்டாள்.

கடைசியாகச் சஹானா வந்தாள். ஹாலில் வேண்டாம், உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டு போய், அறைக் கதவைச் சாத்திவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டாள். அது அங்கே இருந்தது. தோல் தடித்து, பளபளவென்று வெளுத்து, ஒரு பட்டாம்பூச்சி. ஒரு சிறகு நிறைந்திருந்தது, இன்னொன்றுக்கு விளிம்பு மட்டும். மீசையின் நுனி இரண்டும் சுழிந்திருந்தன. பதினாறு வருஷத்தில் ஜோசபின் போட்ட கொடியும் பூவும் மயிலும் ஒன்றுவிடாமல் அழிந்துபோயின. அவள் கையெழுத்தில் மிஞ்சியது இது ஒன்றுதான். அவளுக்கு அழுகை வந்தது.

இதன் மேல் பெரிதாக ஏதாவது போட்டு மூடிவிடுங்கள், பூணூலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள் என்று சஹானா பாதித் தமிழும் பாதி இந்தியுமாகச் சொன்னாள். தழும்பில் மெஹந்தி பிடிக்காது பாப்பா, சுற்றிச் சிவந்தால் இது இன்னும் வெளுப்பாகத்தான் தெரியும் என்றாள் ஜோசபின். பெண் தலையாட்டினாள். ஏமாற்றத்தைக்கூடப் பெரிதாகக் காட்டவில்லை. ஜோசபின் அந்தத் தழும்பை விரலால் தொட்டாள். தொட்டுக்கொண்டே, கோழைத்தனமாக, தெரிந்ததையே கேட்டாள்.

“ரொம்பச் சொறிஞ்சிட்டியா பாப்பா?”

சஹானா கையைப் பார்த்துக்கொண்டே நிதானமாகப் பதில் சொன்னாள்.

“நான் சொறியல ஆன்ட்டி. யாரும் நம்பல. அம்மா தூங்கறச்சே ரெண்டு கைலயும் சாக்ஸ் மாட்டிக் கட்டி வெச்சா. இப்பல்லாம் எனக்கே டவுட். ஒருவேளை சொறிஞ்சிருப்பேனோ என்னமோ.”

தொட்டுக்கொண்டிருந்த விரலை ஜோசபின் எடுத்துக்கொண்டாள். தழும்பைத்தான் இத்தனை வருஷமாக நினைத்து உருகிக்கொண்டிருந்தாள். ஃபோனில் தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன அந்த ஒரு வார்த்தை, இந்த வீட்டில் ஏழு வருஷமாகத் தினமும் இந்தப் பெண்ணின் தலையில் விழுந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. செய்யாததைச் செய்திருப்பேனோ என்று பிள்ளையே நினைக்கிற அளவுக்கு ஜோசபின்தான் கொண்டுவந்து விட்டிருக்கிறாள். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லவேயில்லையே என்று நினைத்தாள். இது இருப்பதே தெரியாமல் என்னத்தைச் சொல்ல?

கோனைக் கீழே வைத்தாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், முழங்கால் மடக்கென்றது. கதவைத் திறந்து ஹாலுக்குப் போனாள். வைஷு பாயில் உட்கார்ந்து தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தாள். காய்ந்த மெஹந்தியோடு கைகளை விரித்துக்கொண்டு நாலைந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு நொடி பார்த்தாள். பிள்ளையின் மேல் பழியை எல்லார் முன்னாலும்தானே போட்டார்கள் என்று தோன்றியது.

“அம்மா, பாப்பா சொறியல.”

வைஷுவுக்குப் புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

“அன்னிக்கு நான் போட்டது தலைக்குப் போடுற சாயம். அதுதான் சுட்டது. சொறிஞ்சிருக்கும்னு என்னைக் காப்பாத்திக்க நான்தான் சொன்னேன். அவ சொறியவேயில்லம்மா.”

வைஷுவின் முகம் சிவந்து, அப்புறம் வெளுத்தது.

“இப்ப வந்து சொல்றேளே?”

“அன்னிக்கு எனக்கே தெரியாதும்மா. தெரிஞ்சு அஞ்சு வருஷமாச்சு. சொல்லாமலே இருந்துட்டேன்.”

வெளியே போ என்று சொல்வாள், சொன்னால் போய்விடலாம் என்று ஜோசபின் காத்திருந்தாள். வைஷு சொல்லவில்லை. அவள் ஜோசபினைத் தாண்டி அறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சஹானா அங்கே வந்து நின்றிருந்தாள்.

“நான் அப்பவே சொன்னேனேம்மா” என்றாள்.

வைஷு எழுந்து அவளிடம் போனாள். அந்தத் தழும்பைத் தொடக் கையை நீட்டினாள். சஹானா கையைக் கொடுக்கவில்லை. மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கவுமில்லை.